அழாதவன் வழக்கு

போன மாதம் ஒரு நாள் விடியற்காலை, கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைத் தாண்டி நாங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில், என் நண்பர் ஒரு புத்தகத்தை என் மடியில் வைத்தார். நான் இரவல் கொடுத்த புத்தகம்தான். பழைய செய்தித்தாளில் அட்டை போட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் அரசுப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். புத்தகத்துக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்தவர். ஆனால் அன்றைக்கு முகம் சரியில்லை.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க சார். இதுல ஒருத்தனாவது நல்லவன் இருக்கானா? பெத்த தாய் பொணமாக் கெடக்கறா. இவன் காபி குடிக்கிறான், சிகரெட் பிடிக்கிறான், மறுநாள் ஒரு பொண்ணைக் கூட்டிக்கிட்டு சினிமாவுக்குப் போறான். பக்கத்து ரூம்காரன் பொம்பளைய அடிக்கிறவன், அவனுக்கு இவன் லெட்டர் எழுதிக் கொடுக்கிறான். கடைசில ஒருத்தனைச் சுட்டுட்டு, வெயில்னு சொல்றான். இவனோட நாலு நாள் இருந்தது எனக்குப் போதும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "அந்த நாய்க்காரக் கிழவன் ஒருத்தன்தான் மனுஷன்."

புத்தகம், ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்'. பிரெஞ்சிலிருந்து நேரடியாக வெ. ஸ்ரீராம் மொழிபெயர்த்து க்ரியா வெளியிட்டது. நண்பருக்குப் பிரெஞ்சு தெரியாது என்பதால் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்திருந்தேன். அவர் மனைவி காலமாகி அப்போது நான்கு மாதம்கூட ஆகவில்லை. "துக்க வீட்டுக்குக் கொடுக்கிற புத்தகமா அது?" என்று என் வீட்டிலும் திட்டு விழுந்தது. இரண்டு பேருக்கும் அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு மாதமாக மனதில் ஓட்டிப் பார்த்ததை இப்போது எழுதுகிறேன்.

முதலில், இந்தப் புத்தகம் எனக்கு எப்படி அறிமுகம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். புதுச்சேரி 1954 நவம்பரில் இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்கு நாலு வயசு. கொடி மாறியது, ஆனால் பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. பிரெஞ்சு படித்தால் உத்தியோகம் கிடைக்கும் என்ற பழைய நம்பிக்கையும் என் அப்பாவுக்கு இருந்தது. 1967இல், எனக்குப் பதினேழு வயதில், வகுப்பில் 'லெத்ரான்ஜே' பாடமாக வந்தது. அதை எழுதிய காம்யு கார் விபத்தில் இறந்து ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஆசிரியர், நாங்கள் 'முசே' என்று கூப்பிட்டவர், முதல் பாகம் முழுவதையும் படித்து முடித்த அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மெர்சோவை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? காரணத்தோடு ஒரு பக்கம் எழுதுங்கள்."

வகுப்பில் இருபது பேருக்குக் கொஞ்சம் மேல் இருப்போம். மறுநாள் நோட்டுகளைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு வந்தார். கிட்டத்தட்ட எல்லோருக்கும் அவனைப் பிடிக்கவில்லை. காரணமும் ஒன்றுதான்: அம்மா சாவுக்கு அவன் அழவில்லை. நானும் அதைத்தான் எழுதியிருந்தேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வேறு என்ன எழுதுவோம்? ஒப்பாரியும் பறையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

முசே நோட்டுகளை மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்: "முதல் பாகம் எங்கே முடிகிறது?" கடற்கரையில், துப்பாக்கிச் சத்தத்தில். ஒரு மனிதன் செத்துக் கிடக்கிறான். "இத்தனை நோட்டிலும் அவனைப் பற்றி ஒரு வரி இல்லை" என்றார். அதற்குமேல் விளக்கம் எதுவும் சொல்லாமல் இரண்டாம் பாகத்தைத் திறக்கச் சொன்னார்.

அவர் செய்தது என்ன என்று எனக்குப் புரிய முப்பது வருஷம் ஆனது. படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மெர்சோ பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜியர்ஸ் நகரத்தில் ஓர் அலுவலகக் குமாஸ்தா. கப்பல் சரக்குச் சீட்டுகளைப் பார்க்கிற வேலை. குமாஸ்தா என்பதாலேயே அவன்மேல் எனக்குப் பின்னாளில் ஒரு பாசம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவன் தாயார், எண்பது கிலோமீட்டர் தள்ளி மாரங்கோ என்ற ஊரில், முதியோர் இல்லத்தில் இறந்துபோகிறாள். தந்தி வருகிறது. லீவு கேட்டுவிட்டுப் போகிறான். பெட்டியைத் திறந்து முகம் பார்க்கிறாயா என்று காவல்காரர் கேட்டதற்கு வேண்டாம் என்கிறான். இரவு பிணத்தருகே உட்கார்ந்து பால் விட்ட காபி குடிக்கிறான், சிகரெட் பிடிக்கிறான். அழவில்லை. மறுநாள் கொளுத்தும் வெயிலில் அடக்கம். அதற்கு அடுத்த நாள் கடலில் குளிக்கப் போகிறான். முன்பு தன் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்த மாரியைப் பார்க்கிறான். இருவரும் ஃபெர்னாந்தெல் நடித்த சிரிப்புப் படம் பார்க்கிறார்கள். அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் ரெமோன் ஒரு அரபுப் பெண்ணை வைத்துக்கொண்டு அடிக்கிறவன். அவளை வரவழைத்து அவமானப்படுத்த அவனுக்குக் கடிதம் எழுதிக்கொடுக்கிறான் மெர்சோ. அந்தப் பெண்ணின் சகோதரன் ஆட்களோடு ரெமோனைப் பின்தொடர, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் மெர்சோ அவனைச் சுட்டுக் கொல்கிறான். முதலில் ஒரு குண்டு. பிறகு, அசையாமல் கிடந்த உடம்பில் இன்னும் நான்கு.

இரண்டாம் பாகம் சிறையும் விசாரணையும். நீதிமன்றத்தில் ஐந்து குண்டுகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இல்லத்து நிர்வாகியைக் கூப்பிடுகிறார்கள், காவல்காரரைக் கூப்பிடுகிறார்கள். அழுதானா, முகம் பார்த்தானா, காபி குடித்தானா, தாயின் வயதாவது தெரியுமா என்று கேட்கிறார்கள். மாரியைக் கூண்டில் ஏற்றிக் கடல் குளியலையும் சினிமாவையும் சொல்ல வைக்கிறார்கள். தாயைப் புதைத்ததற்கு வழக்கா, மனிதனைக் கொன்றதற்கு வழக்கா என்று அவன் வக்கீலே பொறுக்காமல் கேட்கிறார். தீர்ப்பு: பொது இடத்தில் தலையை வெட்ட வேண்டும்.

ஜூரிகள் எங்கள் வகுப்பு நோட்டைப் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்ன மாதிரி இருந்தது. கொலை பின்னால் போய்விட்டது, கண்ணீர் முன்னால் வந்துவிட்டது. முசே எங்களைப் பிடித்த இடம் அதுதான்.

இனி என் நண்பரின் கட்சிக்கு வருகிறேன். "நல்லவன் ஒருவன்கூட இல்லை" என்ற புகார் அவர் ஒருவருடையது மட்டுமில்லை. கதை படிக்கிறவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான். நமக்கு ஒட்டிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அதுவும் துக்கக் கதை என்றால் கட்டாயம் வேண்டும். துக்கப்படுகிறவன் நல்லவனாக, பார்த்தால் நமக்கே கண் கலங்குகிறவனாக இருக்க வேண்டும். நானும் கல்கி தொடர்களைப் படித்து வளர்ந்தவன்தான். அந்த ஆசை தப்பு என்று சொல்லமாட்டேன்.

ஆனால் நண்பர் ஒரே ஒருவனை மட்டும் விட்டு வைத்தாரே, அந்த நாய்க்காரக் கிழவன், அவனைப் பாருங்கள். சலமானோ என்று பெயர். மெர்சோ குடியிருக்கும் அதே மாடியில் இருப்பவன். சொறி பிடித்த ஒரு நாய் வைத்திருக்கிறான். எட்டு வருஷமாகத் தினம் இரண்டு வேளை அதை இழுத்துக்கொண்டு நடக்கிறான், கேவலமாகத் திட்டுகிறான், அடிக்கிறான். ஒரு நாள் நாய் காணாமல் போகிறது. அன்று இரவு அவன் அறையிலிருந்து சுவர் வழியாக ஒரு விநோதமான சத்தம் கேட்கிறது. கிழவன் அழுகிறான்.

நாலு நாளில் புத்தகத்தை முடித்த என் நண்பருக்கு அந்த அழுகை நினைவிருக்கிறது. எட்டு வருஷத்து அடி நினைவில்லை. அழுதான், அதனால் மனுஷன். மெர்சோ அழவில்லை, அதனால் மனுஷன் இல்லை. கதையில் வரும் நீதிமன்றமும் இதே கணக்கைத்தான் போடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த இரவு சுவருக்கு இந்தப் பக்கம் மெர்சோ படுத்திருக்கிறான். கிழவன் அழுவதைக் கேட்டதும், ஏன் என்று தெரியாமலேயே அவனுக்குத் தன் அம்மா நினைவு வருகிறது. பசியில்லாமல், சாப்பிடாமல் தூங்கப் போகிறான். அவ்வளவுதான், ஒன்றிரண்டு வரி. இளவயதில் நான் இதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அதேபோல, அடக்கத்துக்குப் பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு விவரம் இருக்கிறது. அம்மா இருந்தபோது வசதியாக இருந்த வீடு இப்போது அவனுக்கு மிகப் பெரிதாகிவிட்டது. சாப்பாட்டு மேஜையைப் படுக்கை அறைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த ஒரு அறையில் மட்டுமே வாழ்கிறான். மற்ற அறைகள் அப்படியே கிடக்கின்றன. இதையெல்லாம் அவன் துக்கம் என்று சொல்வதில்லை. சொல்லத் தெரியாதவன் அவன். படிக்கிற நாம்தான் பார்க்க வேண்டும். அவன் நமக்குப் பிடித்த ஆளாக இருந்திருந்தால் கட்டாயம் பார்த்திருப்போம். பிடிக்காததால் பார்க்கவில்லை.

இதை இவ்வளவு உறுதியாக நான் சொல்ல இரண்டு காரணங்கள். முதலாவது என் உத்தியோகம்.

நகராட்சியில் என் சர்வீஸில் பெரும்பகுதி பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் போனது. பழைய பதிவேடுகள் பிரெஞ்சில் இருக்கும்; பிரெஞ்சு படித்தவன் என்று என்னை அங்கே உட்கார வைத்தார்கள். சாவு நடந்தால் 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அதனால் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றவர்கள் எல்லோரும் புதிதாக ஒருவரை இழந்தவர்கள். பெயர், வயது, ஆணா பெண்ணா, இறந்த இடம், காரணம், தொழில், புகையிலைப் பழக்கம் உண்டா என்று படிவத்தில் வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவேன். வாய் கேள்வி கேட்கும், மனசு மார்க் போடும்.

ஆமாம், மார்க் போட்டேன். அதைச் சொல்லத்தான் வேண்டும். அழுது சிவந்த கண்ணோடு வருபவர்களுக்கு நாற்காலி போடச் சொல்வேன். பாக்கு மென்றுகொண்டு, பக்கத்தில் நிற்பவரோடு சிரித்துப் பேசிக்கொண்டு வருபவர்களை நிற்க வைத்தே எழுதுவேன். ஒருவர் மனைவி இறந்த மூன்றாம் நாள் வந்து, பன்னிரண்டு நகல் வேண்டும், கட்டணத்தில் ஏதாவது குறைப்பீர்களா என்று பேரம் பேசினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் "ஒரு வாரம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பிவிட்டேன். அன்றைக்கே கொடுத்திருக்கலாம். ஒரு வாரம் கழித்து வந்தார், பணம் கட்டினார், வாங்கிக்கொண்டு போனார். அவர் துக்கம் எப்படிப்பட்டது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு உரிமையும் இல்லை. படிவத்தில் இல்லாத ஒரு கேள்விக்கு நானாகப் பதில் எழுதி, அதற்குத் தண்டனையும் கொடுத்திருக்கிறேன்.

மாறாக, என் மேஜைமேல் தலையை முட்டிக்கொண்டு அழுத அண்ணன் தம்பிகள் அதே மாதத்தில் வாரிசுச் சான்றிதழுக்காக ஒருவர்மேல் ஒருவர் புகார் எழுதிக்கொண்டு வந்ததையும் பார்த்திருக்கிறேன். அதனால் அவர்கள் அழுதது பொய் என்று சொல்லிவிட மாட்டேன். அழுதது நிஜம், சண்டையும் நிஜம். கண்ணீரை வைத்து ஆளை அளக்க முடியாது என்பதைத் தவிர வேறு எதுவும் அதிலிருந்து எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது காரணம் என் அம்மா.

1990இல் அம்மா இறந்தாள். அப்பா முன்பே போய்விட்டார். நான் ஒரே மகன். மூத்தவள் ஒரு அக்கா, பிரான்சில் வாழ்க்கைப்பட்டவள். ராத்திரி இரண்டு மணிக்கு உயிர் போனது. விடிவதற்குள் பந்தல், பூ, பாடை, சுடுகாட்டுக் கூலி, அக்காவுக்குப் போன் என்று எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்தேன். கொள்ளி வைத்தேன். அழுகை வரவில்லை. அடக்கிக்கொண்டேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும்; ஆனால் அடக்குவதற்கு ஏதாவது வந்திருக்க வேண்டுமே, அதுவும் வரவில்லை.

மெர்சோவின் வக்கீல் சிறையில் அவனிடம் இதையே கேட்பார். இயல்பான உணர்ச்சியை அன்றைக்குக் கட்டுப்படுத்திக்கொண்டாய் என்று கோர்ட்டில் சொல்லலாமா என்று. முடியாது, அது உண்மையில்லை என்பான் அவன். அந்த ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் அவன் தலை தப்பியிருக்கலாம். என்னை உறவுக்காரர்கள் கேட்டபோது நான் அந்தப் பொய்யைச் சொன்னேன். "எல்லாத்தையும் உள்ள வெச்சுக்கிட்டிருக்கேன்" என்றேன்.

அக்கா மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தாள். அம்மா முகத்தைப் பார்க்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. வாசலிலேயே விழுந்து அழுதாள். நான் அந்த நேரத்தில் பந்தல்காரரோடு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஏதோ சொல்ல, நான் சிரித்துவிட்டேன். என்ன சொன்னார் என்பது மறந்துவிட்டது. அக்கா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தது மறக்கவில்லை. "உனக்கு அழுகையே வரலையாடா? பெத்தவடா அவ" என்றாள். அதற்குப் பிறகு இந்தப் பேச்சை அவள் எடுத்ததில்லை. வாராவாரம் போனில் பேசுகிறோம். மருந்து, மழை, பேரப்பிள்ளைகள், எல்லாம் பேசுவோம். அம்மாவைப் பற்றி மட்டும் என்னிடம் பேசமாட்டாள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அம்மாவின் இறப்புப் பதிவுப் படிவத்தை நானே நிரப்பினேன். பக்கத்து மேஜை நண்பர் "நான் எழுதறேன், விடுங்க" என்றார். கேட்கவில்லை. தொழில் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். புகையிலை என்ற இடத்தில் 'ஆம்' என்று எழுதினேன். அம்மா வெற்றிலை போடுவாள், கூடப் புகையிலையும். கையெழுத்து ஒரு இடத்தில்கூடக் கோணவில்லை.

ஒன்று மட்டும் நடந்தது. ஆபீஸ் விட்டு வரும்போது ஒரு பெட்டிக்கடையில் அம்மாவுக்கு வெற்றிலை வாங்கி வருவது என் வழக்கம். அவள் போன பிறகும் வாங்கினேன். சைக்கிள் அந்தக் கடையில் தானாக நின்றது, கடைக்காரரும் கேட்காமல் கட்டிக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டு போக முடியாது. மறுநாள் ஆபீஸ் மேஜை இழுப்பறையில் போட்டுவிடுவேன். ஒன்றரை மாதம் இருக்கும். ஒரு நாள் பியூன் எதற்கோ இழுப்பறையைத் திறந்து, காய்ந்து சருகாகிக் கிடந்த வெற்றிலைகளைப் பார்த்து, "என்ன சார் இது குப்பை?" என்று வாரிப் போட்டுவிட்டார். நான் தடுக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். அது துக்கமா, பழக்கமா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்கும் நான் அழவில்லை.

அதற்குச் சில வருஷம் கழித்து 'லெத்ரான்ஜே'யை மறுபடி எடுத்துப் படித்தபோதுதான், படுக்கை அறைக்குள் வந்த அந்தச் சாப்பாட்டு மேஜை என் கண்ணில் பட்டது. பள்ளிக்கூடத்தில் பிடிக்காத ஆள் ஒருவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் மெர்சோவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்துவிடுவீர்கள். அவன் அழாததை மன்னிக்க நான் யார்? அதில் மன்னிக்க எதுவும் இல்லை. ஆனால் கொலை வேறு. கடிதம் எழுதிக் கொடுத்தது வேறு. ஒரு பெண்ணை அடிப்பதற்குத் துணை போனான், பிறகு போலீசில் அடித்தவனுக்கு ஆதரவாகச் சாட்சியும் சொன்னான். அதற்கெல்லாம் அவனைப் பிடிக்காமல் போவது சரி. எழுபதுகளில் எங்கள் கூட்டத்தில் சில பேர், நான் உட்பட, கடற்கரையில் சிகரெட்டோடு உட்கார்ந்து எதிலும் ஒட்டாதவர்கள் மாதிரி பேசித் திரிந்தோம். மெர்சோ எங்களுக்கு அப்போது வீரன் ஆகிவிட்டான். அதுவும் தப்பான வாசிப்புத்தான். வகுப்பில் அவனை வெறுத்தபோதும் சுடப்பட்டவனைப் பார்க்கவில்லை. கடற்கரையில் அவனைக் கொண்டாடியபோதும் பார்க்கவில்லை.

சுடப்பட்டவனுக்கு நாவலில் பெயர்கூடக் கிடையாது. வெறும் அரபு. இதை ஒரு அல்ஜீரியர்தான் உரக்கக் கேட்டார். காமெல் தாவுத் என்பவர் 2013இல் எழுதிய நாவல், 'மெர்சோ, மறுவிசாரணை' என்று தமிழில் சொல்லலாம். முதல் நாவலுக்கான கோன்கூர் பரிசு 2015இல் அதற்குக் கிடைத்தது. செத்தவனின் தம்பி ஹாரூன், கிழவனாகி, ஓரான் நகரத்தில் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து பேசுவதுதான் கதை. அண்ணனுக்கு மூசா என்று பெயர் இருந்தது என்கிறான்.

என் நண்பர் அதையும் படித்தால் இன்னும் கோபப்படுவார். ஹாரூன் நல்லவன் இல்லை. கசப்பு, குடி, வாய்த்துடுக்கு. மகனை இழந்த தாயும் நல்லவள் இல்லை. செத்த மகனின் இடத்தில் உயிரோடிருக்கும் மகனை நிறுத்தி அவன் வாழ்க்கையையே விழுங்கிவிடுகிறாள். 1962 ஜூலையில், அல்ஜீரியாவுக்கு விடுதலை கிடைத்த அந்த நாட்களில், தாய் பார்த்துக்கொண்டிருக்க ஹாரூன் ஒரு பிரெஞ்சுக்காரனைச் சுட்டுக் கொல்கிறான். அவனைப் பிடித்த அதிகாரிக்கும் கொலை பிரச்சினையில்லை. விடுதலைக்கு முன்னால் செய்திருந்தால் போராட்டம் ஆகியிருக்குமே, ஏன் தாமதித்தாய் என்பதுதான் அவர் கேள்வி. இங்கேயும் செத்தவனை யாரும் கேட்கவில்லை.

அந்த ஜூலைக்கு அடுத்த மாதம், 1962 ஆகஸ்ட் 16இல், புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. எங்கள் ஊரில் ஒப்பந்தத்தில் முடிந்தது, அங்கே எட்டு வருஷப் போரில் முடிந்தது. அதே மொழியில் அதே நாவலைப் படித்த ஒரு அல்ஜீரியப் பையனுக்கு, கடற்கரையில் கிடந்தவன் யார் என்ற கேள்வி முதலில் வந்திருக்கும். எங்களில் ஒருவருக்கும் வரவில்லை.

இதனால்தான் பிடிக்காத ஆட்களைப் பற்றிய புத்தகங்கள் வேண்டும் என்கிறேன். நல்லவன் அழும் கதையில் நமக்கு வேலை இல்லை. கூட அழுதுவிட்டு எழுந்து போகலாம். பிடிக்காதவனின் கதையில், எதற்காகப் பிடிக்கவில்லை என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவன் செய்த கெடுதலுக்காகவா, நம் வழக்கப்படி நடந்துகொள்ளாததற்காகவா? இரண்டையும் ஒரே கோப்பில் கட்டிவிட்டால், அழாத அப்பாவிக்குத் தண்டனை கிடைக்கும், அழுகிற கொடியவனுக்கு நாற்காலி கிடைக்கும். நான் அப்படி நாற்காலி போட்டவன் என்பதால் சொல்கிறேன்.

நண்பர் பக்கமும் நியாயம் உண்டு. நான்கு மாதத் துக்கத்தில் இருப்பவருக்கு முதலில் ஆறுதல் வேண்டும். நோய் என்ன என்று கேட்காமல் எனக்கு வேலை செய்த மருந்தை அவருக்கு ஊற்றினேன். அது என் அவசரம்.

போன வாரம் அவரிடம் இதைச் சொன்னேன். வெற்றிலை விஷயம் உட்பட. பிறகு கேட்டேன்: "அந்த நாய்க்காரக் கிழவன் எட்டு வருஷம் அந்த நாயை அடிச்சான் சார், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா அழுதான்ல?"

"அழுதான்."

வெகுநேரம் பேசவில்லை. சூரியன் நன்றாக மேலே வந்துவிட்டது. எழுந்திருக்கும்போதுதான் சொன்னார். "என் பையன் சார். பெங்களூர்லேர்ந்து வந்தவன், அவங்கம்மா காரியத்துக்கு நடுவுல லேப்டாப்பை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். ஒரு சொட்டு கண்ணீர் இல்ல. நான் அவன்கிட்ட சரியாப் பேசி அஞ்சு மாசம் ஆச்சு."

நான் புத்தி சொல்லவில்லை. அவருக்கு அது தேவையும் இல்லை. காந்தி சிலை வரை கூட நடந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

என் அக்காவுக்கு இப்போது எண்பது ஆகப்போகிறது. நான் எழுதுவதையெல்லாம் பேத்தியை விட்டுப் பெரிய எழுத்தாக்கச் சொல்லிப் படிக்கிறாள். இதையும் படிப்பாள். அக்கா, அந்த வெற்றிலை விஷயம் உனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன்.